மேலே வரும்போது விரிந்த கைகள்

1
அன்று எங்கள் ஆழ்துளைக் கிணற்றருகே இருந்தவர்கள்: நான், என் தம்பி, நிலத்தடி ஆய்வு செய்யும் பெண், மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு மருமகள், அவள் இடுப்பில் குழந்தை. வேறு யாருமில்லை. குடும்பப் பெயரைக் காப்பாற்றத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

2
முதல் தொடக்கம்: ‘பதினோரு வருடமாக எங்கள் கிணற்றில் பளிங்கு போன்ற தண்ணீர்’ (அடித்துவிட்டேன். மணல் வந்தது. வாரந்தோறும் தொட்டியிலிருந்து ஒரு வாளி. துளையின் மண் சரியாமல் தாங்கும் குழாயை, செலவு மிச்சமென்று பாதியோடு நிறுத்தச் சொன்னவன் நான். வெளியே சொல்லாதீர்கள் என்று வீட்டாரை அதட்டியவனும் நான்.)

3
ஆய்வுக்காரப் பெண் துளைக்குள் இறக்கிய கருவிக்கு மூன்று மடக்குக் கைகள். இறங்கும்போது மூடியிருக்கும். அடியில் திறந்து, மேலே இழுக்கும்போதுதான் துளையின் சுவரைத் தடவி அகலத்தைச் சொல்லும். அது எனக்குத் தெரியாது. கருவி அடியைத் தொட்டதுமே மதில் பக்கம் திரும்பி அறிவித்தேன்:

"ஒரு குறையும் இல்லம்மா."

"உங்க வீட்டு வேலையில குறை வருமா பெரியப்பா?"

பக்கத்து வீட்டு மருமகள் உள்ளே போனபின் கருவி மேலேறியது. பதினேழாவது மீட்டரில் கைகள் முழுக்க விரிந்தும் எதையும் தொடவில்லை. கேமராவை இறக்கிப் பார்த்தோம். மூன்று பக்கம் மண்சுவர். மதில் பக்கம் வெறும் இருட்டு.

"ஐயா, மதிலை ஒட்டின அவங்க வீட்டுப் பின் ரூம்ல இனி யாரும் படுக்கக் கூடாது. இன்னைக்கே சொல்லணும்," என்றாள் ஆய்வுக்காரப் பெண்.

"நானே சொல்றேன்," என்றேன். நம்பிப் போனாள்.

"சொல்லிடுங்கண்ணே," என்றான் தம்பி.

"நம்ம பேரு என்னடா ஆகும்?"

"பேரை விரிச்சா படுக்க முடியும்?"

என்னை எதிர்த்து அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

4
முடிவு, முதல் வரைவு: ‘அன்று மாலையே அவர்களிடம் சொன்னேன்’ (பொய். மூன்று நாளாகச் சொல்லவில்லை.)

இரண்டாம் வரைவு: ‘விடியும்போது தொட்டில் இருந்த இடத்தில்’

இதற்கு மேல் கை ஓடவில்லை.

5
இன்று காலை பக்கத்து வீட்டு மருமகள் மதிலருகே வந்தாள்.

"பெரியப்பா, பின் ரூம் தரையைத் தட்டினா காலிப் பானை மாதிரி சத்தம் வருது. எலி தோண்டுதோ?"

"எலியாத்தான் இருக்கும்," என்றேன்.

மதியத்துக்குள் தெருவே எலிப்பொறி பற்றிப் பேசியது. என் வாய்ச்சொல்லுக்கு இங்கே அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பை நினைத்து முதல்முறையாகப் பயந்தேன். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை, எழுதத்தான் முடிகிறது.

வாசகரே, முடிவு என்னிடம் இல்லை. மை காயுமுன் இந்தத் தாள்களைத் தம்பி மதிலுக்கு அப்பால் கொண்டுபோகிறான். உங்களுக்கு முன்னால் படிக்கப்போகிறவள் அவள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டும்.

அம்மா, உங்கள் தரைக்கடியில் எலி தோண்டுவதாகப் பேச்சு. எலி இல்லை. எங்கள் கிணறு.