கொண்டி கழற்றிய கதவு

“கொண்டி என்னத்துக்கு? மானமான வீட்டில தாலி அறுத்தவள் கதவைச் சாத்திப்போட்டு ஆம்பிளையளோட கதைக்கிறேல்லை.”

மாமி அருளம்மா சொல்லச் சொல்ல, மூத்த மகன் றொட்னி ஜெயனியின் அறைக் கதவிலிருந்து கொண்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். றொட்னியின் தம்பியான ஜெயனியின் புருஷன் கடலோடு போனபின் மன்னார்க் கீரிக் கிராமத்தில் அவளுக்கு மிஞ்சியது இந்த அறை ஒன்றுதான். சண்டை ஓய்ந்து இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது அவள் கையோடு கொண்டுவந்தது அங்கே படித்த ஆங்கிலம். கொரோனாக் காலத்தில் தொடங்கிய இணைய வகுப்புத்தான் அவளுடைய சோறு. கதவு திறந்து கிடந்தால் அடுப்படிச் சத்தமும் ரீவிச் சத்தமும் உள்ளே வரும், படிக்கிறவர்கள் கழன்றுவிடுவார்கள். பிறகு மாமியின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர்களுக்கு வேண்டியதும் அதுதானே!

“நான் என்ன கதைக்கிறன் எண்டு ஆர் மாமி சொன்னது?”

“ஆர் சொன்னா என்ன? கட்டாரில நிண்டு உன்னட்டப் படிக்கிற பெனடிக்ற், நீ கலியாணம் முடிச்சனியோ எண்டு கேட்டவனோ இல்லையோ?”

கேட்டான்தான். அன்றைய பாடமே அதுதான்: முன்பின் தெரியாத ஒருவரை ஆங்கிலத்தில் எப்படி விசாரிப்பது. கலியாணம் ஆகிவிட்டதா, எங்கே வேலை, யாரோடு இருக்கிறீர்கள் என்று எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள். அந்தக் கேள்விகளைத் தயாரித்துக் கொடுத்தவளே அவள்தான்.

அப்படியென்றால் வகுப்புக்குள் இருந்து யாரோ கோள் சொல்கிறார்கள். ஊர்க்காரி என்று இருந்தவள் பக்கத்துத் தெரு ஸுஹறா மட்டும். அன்றுமுதல் ஸுஹறா எதைக் கேட்டாலும் ஜெயனி வெடுக்கென்று பதில் சொன்னாள். அந்தப் பிள்ளையின் முகம் வாடிப்போனது. சந்தேகமும் ஒரு தொற்றுத்தான். மாமியிடமிருந்து மருமகளுக்கும் வந்துவிட்டது, வெட்கக்கேடு.

தவணை முடிவில் பேச்சுச் சோதனை வந்தது. ஒவ்வொருவராக அழைத்துப் பேசவைத்துப் புள்ளி போட வேண்டும். ஜெயனி கதவுக்கு ஒரு கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். செபமாலை என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்தவரின் முறை. முகம் காட்டாதவர், வாய் திறக்காதவர், ஆனால் ஒரு வகுப்பும் தவறவிடாதவர். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நழுவப் பார்த்தவர், அவசரத்தில் பொத்தானை மாற்றி அமத்தி மைக்கைத் திறந்துவிட்டார்.

யன்னலுக்கு வெளியே ஒரு கழுதை கத்தியது. அடுத்த கணம் அதே கத்தல் அவளுடைய ஹெட்போனுக்குள்ளும் கேட்டது. மன்னாரில் கழுதைக்கா பஞ்சம் என்று விட்டிருப்பாள். ஆனால் பின்னாலேயே மாமியின் குரலும் அப்படியே இரண்டுதரம் வந்தது: “மகன், தேத்தண்ணி ஆறுது!”

ஜெயனிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கதிரையைத் தள்ளிவிட்டு விறாந்தைக்குப் போனாள். றொட்னி போனைச் சாரத்துக்குள் ஒளித்தான். காதில் வயர் தொங்கியது.

“சோதனை முடியேல்லை அத்தான். உங்கட வீட்டில இருக்கிற ஒராளைப் பற்றி இங்கிலீசில சொல்லுங்கோ. என்னைப் பற்றியே சொல்லுங்கோ, மாமியிட்டச் சொன்னமாதிரி.”

றொட்னி தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனான். மாமி முந்திக்கொண்டாள்.

“வேற பேரில வந்தா என்ன இப்ப? ஆம்பிளைப் பிள்ளை நாலு சொல்லுப் படிக்கிறதில என்ன பிழை?”

“ஒரு பிழையுமில்லை மாமி.”

அலுமாரிக்கு மேல் கிடந்த கொண்டியையும் ஸ்குறூட்றைவரையும் எடுத்துக்கொண்டு ஜெயனி அறைக்குத் திரும்பினாள். தானே அதைக் கதவில் பொருத்தி, ஸ்குறூக்களை இறுக்கி, கொண்டியைப் போட்டாள். அந்தச் சத்தம் விறாந்தைவரை கேட்டது. முதலில் ஸுஹறாவைப் போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு செபமாலைக்குப் புள்ளி போட்டாள்: கேட்டலுக்கு முழுப் புள்ளி, பேச்சுக்குப் பூச்சியம்.