லாமெக்கைத் தூக்கி எறிந்த பறவை

ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு, எழுபத்தொரு கிலோ எடையுள்ள லாமெக் இந்தோவை ஒரு சொர்க்கப் பறவை சட்டைக் காலரைக் கவ்வி இழுத்துப்போய்ப் புதருக்குள் போட்டது. பறவையின் எடை ஒரு மாம்பழம் அளவுகூட இராது. ஆர்ஃபாக் மலையில் எங்கள் ஊரில் இதைச் சந்தேகிப்பவர் யாருமில்லை. அந்த லாமெக் நான்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எழுதுகிறவனுக்கும் கொஞ்சம் மானம் வேண்டுமே, ஆகவே அவனைப் பிறத்தியான் போலவே எழுதிக்கொண்டு போகிறேன்.

லாமெக்கின் பிழைப்பு, படம் பிடிக்க வருகிறவர்களை ஓலை மறைப்புக்குள் உட்காரவைத்துப் பறவையைக் காட்டுவது. தலையில் கம்பிபோல் ஆறு இறகு நீட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கரும்பறவை, காட்டுத்தரையில் ஒரு பாய் அகலத்துக்குத் துப்புரவாக்கி, அங்கேதான் ஆடும். தரையில் ஒரு சருகு கிடந்தாலும் அதற்குப் பொறுக்காது. ஆகவே அது வரத் தாமதித்தால் எங்கள் ஆட்கள் ஒரு பழுத்த இலையைத் தரையில் போட்டுவிட்டு ஒளிந்துகொள்வார்கள். அது ஓடிவந்து இலையை எறியும், வந்த சூட்டில் ஆடியும்விடும். ஊரே ஒரு இலை போட்டால் லாமெக் ஒன்பது போடுவான். அப்படிப் பறவையைத் தரை பெருக்கவைத்தே பேரெடுத்தவன் வீட்டுக்குள் போனால், கால் வைக்க இடமிருக்காது. சலித்துப்போன அவன் மனைவி டோர்காஸ் முந்தின வருஷமே பன்றியை ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "பறவையைப் பெருக்க வைக்கிற பெரிய மனுஷா, உன் வீட்டுல ஒருநாள் துடைப்பத்தைத் தொட்டிருக்கியா? நீ தொட்டேன்னு ஊரு சொல்லட்டும், அப்ப வரேன்" என்றுதான் போனாள். லாமெக்குக்கு அவளில்லாமல் சோறு இறங்கவில்லை. ஆனாலும் துடைப்பத்தைத் தொடவில்லை. சோம்பேறித்தனத்துக்கும் ஒரு வைராக்கியம் உண்டு.

அந்த ஆகஸ்டில் கடல் தாண்டிச் சுரபாயா நகரத்திலிருந்து ஹெர்மவான் என்ற படக்காரர் வந்தார். பதினோரு நாள் மழை. பன்னிரண்டாம் நாள் பொறுமையிழந்த லாமெக் பத்தொன்பது இலை, ஒரு நூடுல்ஸ் உறை, போதாததற்குத் தன் செருப்பு ஒன்றையும் ஆடுதரையில் பரப்பினான். இருபதாவது இலையோடு அவன் குனிந்திருக்கும்போதே பறவை வந்துவிட்டது. இலைகளை ஒவ்வொன்றாக எறிந்தது, உறையை எறிந்தது, செருப்பை எறிந்தது, மிச்சமிருந்த குப்பையான லாமெக்கையும் எறிந்தது. ஹெர்மவான் வாயைப் பிளந்ததில் பொத்தானை அழுத்த மறந்துபோனார்.

பறவை அதோடு விடவில்லை, லாமெக்கின் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது. மூன்று நாளில் பழைய பூட்ஸ், ஓடாத ரேடியோ, ஏழு வருஷத்து தேவாலய நாட்காட்டி எல்லாம் வாசல் தாண்டிப் போயின. லாமெக் உள்ளே நுழைந்தபோதெல்லாம் அவனும் போனான். சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கையுமாக ஊர் வந்து உட்கார்ந்து பார்த்தது. டோர்காஸின் அண்ணன் யாஃபெட் மலையேறி வந்து, "மச்சான், இன்னிக்கு எத்தனை தடவை வெளிய வந்தே?" என்று அக்கறையாக விசாரித்தான். ஜெபம் வைக்கலாமா என்று யோசித்த சபை மூப்பர், பறவை திரும்பித் தன்னைப் பார்த்ததும், சொந்த முற்றத்தில் புல் மண்டிக்கிடப்பது ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார். அன்று ஊரில் பதினேழு வீட்டில் துடைப்பச் சத்தம் கேட்டது.

நான்காம் நாள் லாமெக் வீட்டைப் பெருக்கினான். பறவை தூணில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது. கட்டிலுக்கு அடியில் டோர்காஸின் சீப்பு கிடைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது, அதையும் பறவை பார்த்தது. முற்றம் பளிச்சென்று ஆனதும் அவன் கால்சட்டையைக் கவ்வி நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டது. எதிர்மரத்துக் கிளையில் மூன்று பெட்டைப் பறவைகள் இருந்தன. நான்காவதாக, மடியில் பையை வைத்துக்கொண்டு டோர்காஸ் இருந்தாள். அவள் ஏறியதை யாரும் காணவில்லை, கிளை வளையவுமில்லை.

வேறு வழியில்லாமல் லாமெக் ஆடினான். கால் கிழக்கே போனால் இடுப்பு மேற்கே போயிற்று. பெட்டைப் பறவைகள் முதல் நாளே பறந்துவிட்டன. டோர்காஸ் மட்டும் நான்கு நாள் வந்தாள், முழுக்கப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு போனாள். ஆட்டத்தின் நான்காம் நாள் லாமெக் வெட்கத்தை விட்டு, "டோர்காஸ், நீ இல்லாம என்னால முடியலடி" என்று கத்திக்கொண்டே ஆடியதில் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, சற்று நேரம் அங்கேயே நின்றான். ஹெர்மவான் இந்தமுறை பொத்தானை அழுத்தினார். லாமெக் அந்தரத்தில், பறவை பக்கத்தில் கழுத்தைச் சாய்த்தபடி. அந்தப் படம் ஒரு பறவை இதழில் வந்தது. கீழே 'துணை தேடும் ஆண்' என்று அச்சிட்டிருந்தார்கள், இரண்டில் எது என்று சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அவள் இறங்கி வந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அடுப்பு மூட்டினாள். லாமெக் பக்கத்தில் போய் நின்று, இத்தனை நாள் ஏன் கிளையிலேயே இருந்தாய் என்று கேட்டான்.

"முதல் நாளே வந்திருப்பேன்யா," என்றாள் டோர்காஸ், அடுப்பை ஊதிக்கொண்டே. "உனக்கு ஆடவே வரல. ஆனா எனக்காக ஒருத்தன் ஆடி நான் பாத்ததில்லையே. இன்னும் கொஞ்சம் பாக்கணும்னு தோணுச்சு."

இப்போது சனிக்கிழமை காலைகளில் லாமெக் ஆடுகிறான். முட்டி வலிக்கும் வாரங்களில் அவனுக்குப் பதிலாகப் பறவை வந்து ஆடிவிட்டுப் போகிறது. டோர்காஸ் அதை ஒத்துக்கொள்கிறாள்.