வலப்பக்கத்திலிருந்து ஐந்து வரி

நான் போட்ட ஐந்து மதிப்பெண்ணை அடித்துவிட்டு, பச்சை மையில் பூஜ்யம் போட்டிருந்தார் எங்கள் அறையின் தலைமைத் திருத்துநர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஐந்து போனால் பிள்ளைக்கு முப்பத்திரண்டு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும்.

விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன்.

"இதுல என்ன சார் தப்பு?"

"டேன் கூட்டல் காட், செக் பெருக்கல் கோசெக்குக்குச் சமம்னு நிரூபிக்கணும். இடப்பக்கத்துல இருந்துதான் தொடங்கணும்னு திங்கக்கிழமை திருத்துநர் கூட்டத்துல சொன்னாங்களா இல்லையா? இது வலப்பக்கத்துல தொடங்கியிருக்கு."

"வந்து சேர்ந்துச்சா இல்லையா?"

"அது வேற விஷயம்."

வேற விஷயமாம். இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் பேசுகிற பேச்சா இது? பின்னத்தின் தலையில் இருந்த வெறும் ஒன்றை, சைன் வர்க்கம் கூட்டல் காஸ் வர்க்கமாகப் பிரித்திருந்தது அந்தப் பிள்ளை. இரண்டையும் கூட்டி ஒன்று என்று எழுத யாருக்கும் வரும். ஒன்றைப் பார்த்ததும் அதைப் பிரிக்கத் தோன்றுவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்குத்தான் பூஜ்யம்.

விடைக்குறிப்பை அவர் முன்னால் விரித்தேன். "இதை நீங்க கடைசி வரியில இருந்து மேல படிங்க. பிள்ளை எழுதினதை நான் மேல இருந்து கீழ படிக்கிறேன்."

ஐந்து வரியும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயின. பக்கத்து மேஜைக்காரர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"நாம ஏறின படியிலயே அது இறங்கியிருக்கு. அதுக்கு ஃபெயிலா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூஜ்யத்தை அடித்து, ஐந்து போட்டுக் கையெழுத்திட்டார். தாளை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சர், திங்கக்கிழமை இதே மாதிரி ஒரு தாளுக்கு நீங்களே பூஜ்யம் போட்டீங்களே, அது?"

ஆமாம். போட்டிருந்தேன். கூட்டம் முடிந்த சூட்டோடு முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, மீதி நாலு வரியைப் படிக்காமலே போட்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு மொத்தம் எவ்வளவு வந்தது என்றுகூட நினைவில்லை.

"அந்தக் கட்டு எங்க சார்?"

"சீல் வெச்சு ஸ்டோர் ரூமுக்குப் போயாச்சு. உடைக்கணும்னா காரணம் எழுதிக் குடுக்கணும். தப்பு உங்க பேர்ல பதிவாகும்."

"ஒரு வெள்ளைத்தாள் குடுங்க. ஒவ்வொரு ஸ்டெப்பா எழுதித் தரேன்."