பெரியவர்களைக் கேட்டுத்தான்

மாடியில் குழந்தை வீறிட்டது. சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். இரண்டு படிகூட ஏறியிருக்க மாட்டாள், மாமியாரின் குரல் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியது.

"எங்க போறே?"

"பசியில அழுவுது அத்தை."

"அதைப் பாத்துக்க மேல ஆள் இருக்கு. நீ மாத்திரை போட்டியா?"

மேலே இருக்கும் ஆள் மூத்த மருமகள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட அந்தக் குறையைச் சொல்லிக் குத்திக் காட்டியதுதான் அதிகம். சின்னவள் பிள்ளை பெற்றதும் மாமியார் தீர்ப்பு எழுதிவிட்டாள். இந்தப் பிள்ளை மூத்தவளுக்கு. சின்னவளுக்கு என்ன, வயசிருக்கிறது, அடுத்ததைப் பெற்றுக்கொள்ளட்டும். கடையில் சட்டையை மாற்றிக்கொள்வதுபோல் அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். சின்னவளின் புருஷனோ, "அண்ணிகிட்டதானே இருக்கு, வெளியிலயா போச்சு?" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

அன்றைக்குத் தொடங்கிய அழுகைதான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை. காரணம் என்னவென்று வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், மனசு சரியில்லை என்று மனநல மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடுகிறவள் பால் கொடுக்கக் கூடாது என்று அங்கே சொன்னதாக மூத்தவள் வந்து சொன்னாள். ஆக, பிள்ளை இல்லாததால் அழுகை, அழுவதால் மாத்திரை, மாத்திரையால் பிள்ளை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொள்ள ஒரு சுவர் இருந்தது.

மையத்தின் ஆலோசகர் நல்லவர். அதுதான் வினை. இவர்கள் பிழைக்க வந்த நாட்டுக்காரரான அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருக்கலாம். ஆனால் இந்த மாதிரிக் குடும்பங்கள் வீட்டு விஷயத்தை மூன்றாம் மனுஷர் முன்னால் பேச மாட்டார்கள், பெரியவர்களை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும், அவர்கள் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்று அவருக்கு வகுப்பு எடுத்திருந்தார்கள். அவரும் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். மாமியாருக்குக் கைகுவித்து வணக்கம் சொன்னார், மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தார், எதையும் முதலில் அவளிடம் கேட்டார். வீட்டுப் பெண்களில் ஆலோசகரின் பாஷை தெரிந்தவள், அந்த நாட்டிலேயே படித்து வளர்ந்த மூத்தவள் ஒருத்திதான். எனவே பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வாய், பிள்ளையை வாங்கிக்கொண்டவளிடம் போய்ச் சேர்ந்தது.

ஒவ்வொரு தடவையும் சின்னவள் மூச்சுவிடாமல் சொல்வாள். மூத்தவளிடமிருந்து அது இரண்டு வார்த்தையாய்ச் சுருங்கி வெளியே வரும். ஆலோசகர் கனிவாகத் தலையை ஆட்டுவார்.

அன்று மத்தியானம் மறுபடியும் போனார்கள். மையத்திலிருந்து சரி என்று ஒரு சொல் வந்துவிட்டால் பிள்ளையைச் சட்டப்படியே மூத்தவளுக்கு எழுதிவிடலாம் என்பது மாமியாரின் திட்டம். சின்னவளுக்கும் அது தெரியும். அறை குறுகலானது. மாமியார் ஆலோசகருக்கு எதிரே, மூத்தவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில். சின்னவளுக்கு வாசலை ஒட்டி ஒரு முக்காலி கிடைத்தது.

மாமியார் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தாள். கடைசியில் ஆலோசகர் சின்னவள் பக்கம் பார்த்து ஏதோ கேட்டார்.

"இப்ப எப்படி இருக்கேன்னு கேக்கறாங்க" என்றாள் மூத்தவள்.

"அக்கா, இன்னைக்காவது நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. உங்களை இந்த வீட்ல என்ன பாடு படுத்தினாங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்காக நானும் அழுதிருக்கேன். ஆனா அந்தப் பேச்சை நிறுத்த என் பிள்ளைதான் கிடைச்சுதா? எனக்கு வியாதி ஒண்ணும் இல்லக்கா. பிள்ளையைக் குடுத்தா அழுகை தானா நின்னுடும்."

மாமியார் முறைத்தாள். மூத்தவள் தோளில் தூங்கும் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு ஆலோசகரிடம் பேச ஆரம்பித்தாள். இந்தத் தடவை அது இரண்டு வார்த்தையோடு முடியவில்லை. ஆலோசகரின் சிரிப்பு மறைந்தது. சின்னவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. அப்பாடா என்று நெஞ்சு விம்மியது. மூத்தவளின் காலில் விழலாம்போல இருந்தது.

ஆலோசகர் யோசித்தார். நெஞ்சில் கைவைத்து மெதுவாகப் பதில் சொன்னார். மூத்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் தமிழில் சொன்னாள்.

"உன் வேதனை அவங்களுக்குப் புரியுதாம். ஆனா நம்ம வழக்கத்துல பிள்ளை குடும்பத்துக்கே பொதுன்னு படிச்சிருக்காங்களாம். அது ரொம்ப அழகான வழக்கமாம். அவங்க வழக்கத்தை நம்ம மேல திணிக்கக் கூடாதாம். பெரியவங்களைக் கேட்டுத்தான் சொல்வாங்களாம்."

சொன்னபடியே ஆலோசகர் மாமியார் பக்கம் மரியாதையாகத் திரும்பினார்.

"பிள்ளை இருக்கற எடத்துல இருக்கட்டும். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் குடுக்கச் சொல்லு" என்றாள் மாமியார்.

உண்மை போய்ச் சேர்ந்தால் போதும், கதவு திறந்துவிடும் என்று சின்னவள் இத்தனை நாள் நம்பியிருந்தாள். உண்மை போய்ச் சேர்ந்துவிட்டது. வழக்கம் என்ற பேரில் அதற்கும் மாலை போட்டு ஓரமாய் உட்காரவைத்துவிட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"இன்னொண்ணு கேளுங்கக்கா. இவங்க வழக்கத்துல பிள்ளையைப் பிடுங்கினா பெத்தவ சிரிப்பாளா?"

மூத்தவள் அதையும் கேட்டாள். ஆலோசகரின் முகம் சிவந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவர், பழக்கதோஷத்தில் மாமியாரைப் பார்த்தார். மாமியார் எழுந்துவிட்டாள்.

"போதும், கிளம்பலாம்."

மூத்தவளும் எழுந்தாள். சின்னவள் எழவில்லை. முக்காலியை வாசலுக்கு நடுவே இழுத்துப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அவளைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது.

"எழுந்திருடி" என்றாள் மாமியார்.

"பிள்ளையை என் கையில குடுங்க, எழுந்திருக்கேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். வெளியே அடுத்த குடும்பம் கதவைத் தட்டியது. அந்தத் தட்டல் அவள் முதுகில் விழுந்தது, அவள் அசையவில்லை.

மாமியார் மூத்தவளிடம் திரும்பினாள். "பைத்தியம் முத்திப்போச்சு, இங்கயே வச்சுக்கச் சொல்லு அவங்ககிட்ட."

பெரியவர் பேசியதைக் கேட்டு ஆலோசகர் பவ்யமாக முன்னால் குனிந்தார். என்ன சொல்கிறார்கள் என்று மூத்தவளைக் கேட்டார். மறுபடியும் கேட்டார். மூத்தவள் பிள்ளையை இறுக அணைத்தபடி சின்னவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறக்கவில்லை. மாமியார் சொன்னதை ஆலோசகரின் பாஷையில் சொல்ல அந்த அறையில் வேறு யாரும் இல்லை.