பாதி வழிக் கால்தடம்

கால்தடம் என்றால் அது ஓர் இடத்தில் தொடங்க வேண்டும், ஓர் இடத்தில் முடிய வேண்டும். விடுதிப் பள்ளியின் பின்பக்கப் புல்தரையில் கிடந்த தடத்துக்கு இரண்டுமே இல்லை. யாரோ மேலிருந்து இறக்கி விட்டது போலப் புல்லின் நடுவில் ஆரம்பித்தது. நேராகக் கல் கட்டிய குளத்தைப் பார்த்துப் போனது. குளத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே, யாரோ தூக்கிக்கொண்டது போல நின்றுவிட்டது. திரும்பி வந்த தடம் கிடையாது. வெறுங்கால், அதுவும் சின்னக் கால். தோட்டக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு தடத்தின் மேல் கையை வைத்தார். அவர் கைக்குள் அது அடங்கிவிட்டது.

தடம் எப்படி உண்டாயிற்று என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. உறைபனி விழுந்த விடியலில் புல்லுக்குள் இருக்கும் நீரும் உறைந்து, இலை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் மிதித்தால் உள்ளே எல்லாம் நொறுங்கிப்போகும். பனி இருக்கும் வரை அந்த இடம் வெறும் பச்சையாகத்தான் தெரியும். வெயில் ஏறிய பிறகுதான், மிதிபட்ட இடம் மட்டும் கறுத்து, பின்பு பழுத்து, பாதத்தின் வடிவத்திலேயே செத்துக் கிடக்கும். அதனால்தான், வெயில் வந்து பனியை நக்கி எடுக்கும் வரை புல்லில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று அவரே ஒரு சட்டம் போட்டிருந்தார். தானும் அதற்குக் கட்டுப்பட்டு, அதுவரை குடியிருப்பில் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார்.

ஆக, யாரோ ஒரு குழந்தை பனி படிந்த நேரத்தில் செருப்பில்லாமல் குளத்தை நோக்கி நடக்கிறது. அந்தக் குளம் அழகுக்குக் கட்டியதில்லை. ஒரு காலத்தில் பள்ளி முழுவதற்கும் தண்ணீர் தேக்கி வைத்த இடம். உள்சுவர் செங்குத்து, சுற்றிலும் பாசி. விழுந்தால் பிடித்து ஏற ஒரு படி கிடையாது.

அன்று மாலையே வார்டனம்மாவை அழைத்து வந்து காட்டினார். சிறுமிகள் விடுதி முழுவதும் அந்த அம்மாவின் பொறுப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"களைக்கொல்லி ஏதாவது சிந்திடுச்சா?"

"களைக்கொல்லிக்கு அஞ்சு விரல் இருக்குமாங்கம்மா?"

வார்டனம்மா சிரிக்கவில்லை. தடத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓரமாகவே நடந்தார். "சரி, நடந்தது புள்ளைன்னே வெச்சுக்குவோம். நடுவுல எப்படி வந்துச்சு? இங்கிருந்து எங்க போச்சு?"

"அதுதாம்மா எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

அன்றிலிருந்து பெரிய கதவுக்கு இரட்டைப் பூட்டு. சாவி வார்டனம்மாவின் தலையணைக்கு அடியில். ஜன்னல்களுக்கு எப்போதுமே கம்பி உண்டு. அடுத்து வந்த சில நாட்கள் மேகமும் காற்றுமாகப் போயின. உறைபனி இல்லை, புதுத் தடமும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. பிறகு ஒரு தெளிந்த நாள் வந்தது. மதியத்துக்குள், பழைய தடத்துக்குப் பக்கத்திலேயே புதிது. அதே நடுவில் தொடக்கம், அதே இடத்தில் முடிவு. பூட்டு பூட்டியபடியே இருந்தது. எண்ணிப் பார்த்ததில் எல்லாக் குழந்தைகளும் கட்டிலில்தான் எழுந்திருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? பாதியில் தொடங்கிப் பாதியில் முடிகிறது என்பதால் அதற்குப் 'பாதி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பாதிக்கு இடுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை என்று ஒருத்தி சொன்னாள். இல்லவே இல்லை, அதற்கு ஒரு பக்கம்தான் உண்டு, பக்கவாட்டில் பார்த்தால் காணாமல் போய்விடும் என்று இன்னொருத்தி சத்தியம் செய்தாள். எல்லாரையும் விட அதிகம் பயந்தவள், முன்பற்கள் விழுந்து இன்னும் முளைக்காததால் பொக்கை என்று பெயர் வாங்கிய புதுச் சிறுமி. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, பாதி என் கட்டில்கிட்ட வருமா?"

"யாரு தாத்தா? என் மீசையைப் பாரு, எவ்வளவு கறுப்பா இருக்கு!"

"மை அடிச்சிருக்கீங்க. சொல்லுங்க, வருமா?"

"வராது. வந்தா முதல்ல புல்லை மிதிச்சதுக்கு எங்கிட்ட திட்டு வாங்கிட்டுத்தான் வரணும்."

அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை. குளம் இருக்கும் பக்கம் திரும்பாமலே, கண்ணை மூடிக்கொண்டு ஓடிப்போனாள்.

முன்வாசலில் காவல் இருப்பவன் தோட்டக்காரரின் மனைவியுடைய தம்பி. வாயாடி. அவனுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"மாமா, பேயா இருந்தா உங்களுக்குத்தான் லாபம். 'புல்லில் நடக்காதே'ன்னு போர்டு வைங்க. மனுஷங்கதான் படிக்கிறதில்ல, பேயாவது படிக்கும்."

"உன்னைக் காவலுக்கு வெச்சவங்களைச் சொல்லணும் மாப்ளே. நீ முழிச்சிருந்தா எனக்கு இந்தக் கவலையே இல்ல."

"நான் முன்பக்கம் முழிச்சிருக்கேன். பின்பக்கம் முழிச்சிருக்க எனக்கு முதுகுல கண்ணா இருக்கு?"

அதுவும் நியாயம்தான். எழுப்பும் மணி அடிக்கும் வரை ஆண்கள் யாரும் விடுதியின் பின்பக்கம் வரக் கூடாது என்பது பள்ளியின் கட்டுப்பாடு. அந்தப் பக்கம் அந்நேரத்தில் இருக்கும் ஒரே ஆள், பாய்லர் மூட்டிப் பிள்ளைகளுக்கு வெந்நீர் போடும் தோட்டக்காரரின் மனைவிதான். அவளைக் கேட்டால், "ஒரு ஈ காக்கை வரலீங்க" என்றாள்.

மூன்றாவது முறையும் தடம் வந்தது. தடம் கொஞ்சம் வளைந்து, குளத்தின் ஆழமான மூலைப் பக்கம் சாய்ந்திருந்தது. நேராக வார்டனம்மாவிடம் போனார்.

"அம்மா, ஒரு நாள் விடியல்ல நான் பின்பக்கம் நிக்கணும். நீங்க அனுமதி கொடுக்கலைன்னா, அப்புறம் குளத்துல இறங்கித் தேட வேண்டியதாயிடும்."

வார்டனம்மா உடனே ஒப்புக்கொண்டார். "நான் மாடி ஜன்னல்ல நிக்கறேன். எதைப் பார்த்தாலும் கத்தாதீங்க. தூக்கத்துல நடக்கிற புள்ளையா இருந்தா, சத்தத்துல திடுக்கிட்டு விழுந்துடும்."

அடுத்த தெளிந்த விடியலில், விடுதியை ஒட்டி நிற்கும் பெரிய மரத்தடிக்கு வந்து நின்றார். இலை அசையவில்லை. வெளிச்சம் மெல்ல வந்தது. வெளிச்சம் வர வர, இத்தனை வருடம் தன் கைவிரல் போலத் தெரியும் என்று நினைத்திருந்த புல்தரையை, அவர் முதல் முறையாகப் பார்த்தார்.

வெள்ளை. ஆனால் முழுக்க வெள்ளை இல்லை. மரத்தடியில் புல் பச்சையாகவே இருந்தது. கிளைகள் முடியும் இடத்தில், கத்தரித்து வைத்த மாதிரி வெள்ளை ஆரம்பித்தது. அந்தப் பக்கம், குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளை முடிந்து மறுபடி பச்சை. அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. தரை தன் சூட்டைத் திறந்த வானத்துக்கு விட்டுவிடும் இடத்தில்தான் பனி உறையும். மரத்தடிக்குக் கிளைகள் போர்வை. குளத்தங்கரைக்குத் தண்ணீர் பகலில் வாங்கி வைத்த சூடு காவல். அந்த இரண்டு இடத்திலும் எத்தனை பேர் மிதித்தாலும் புல் நிமிர்ந்துகொள்ளும், தடம் நிற்காது. கால் எங்கேயும் நடுவில் தொடங்கவில்லை. எங்கேயும் நடுவில் நிற்கவும் இல்லை. பனிதான் அங்கே தொடங்கி அங்கே முடிந்தது. வெயில் வரும் வரை புல் பக்கமே வராத மனிதருக்கு இது எப்படித் தெரியும்?

அப்படியானால் அந்தக் குழந்தை குளத்தங்கரை வரை போயிருக்கிறது, ஒவ்வொரு முறையும். இந்த எண்ணம் வந்து முடிவதற்குள் அவர் கண் வெள்ளையின் நடுவே போனது. அங்கே பச்சையாகப் புதுத் தடங்கள் இருந்தன; அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது மரத்தின் மறுபக்கமாக விழுந்தவை. தடம் போன வழியே பார்வையை ஓட்டினார்.

குளத்தின் விளிம்புக் கல்லின் மேல், இரவு உடுப்போடு, பொக்கை நடந்துகொண்டிருந்தாள்.

கல்லின் அகலம் இரண்டு பாதம் சேர்த்து வைத்தால் சரியாக இருக்கும். ஒரு பக்கம் புல், மறு பக்கம் கறுப்பாகத் தண்ணீர். அவள் தடுமாறவில்லை, வேகமும் இல்லை. கண்கள் திறந்திருந்தன. கைகள் இரண்டும் தொங்கியபடி இருந்தன.

தன் சட்டத்தைத் தானே மீறி, பனி நொறுங்க நொறுங்கப் புல்லைக் கடந்தார். அவளுக்குப் பக்கத்தில் புல்லோரமாக, அவள் வேகத்துக்கே நடந்தார். தொடவில்லை. சரிந்தால் பிடிக்க, விரித்த கையை அவள் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் வைத்துக்கொண்டார். ஆழமான மூலையில் அவள் நின்றாள். தலையைத் திருப்பி, நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் இல்லை. அவருக்குப் பின்னால் வெகு தொலைவில் நிற்கும் யாரையோ பார்ப்பது போலிருந்தது.

"பாதி வருது," என்றாள் மெதுவாக. மறுபடி நடந்தாள்.

விளிம்பு முடிந்து கல்பாதை தொடங்கும் இடத்தில் அவள் கால் தானாகவே பாதையில் இறங்கியது. கல்லைப் பிடித்த கால் கல்லையே பிடித்துக்கொண்டு போனது. திரும்பும் தடம் ஏன் இல்லை என்பதும் அப்போது தெரிந்துவிட்டது. பாதை பாய்லர் அறைக்கு வந்து முடிந்தது. வெளிக்கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே அவர் மனைவி கதவுக்கு முதுகைக் காட்டி, குனிந்து, நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் முந்தானையை உரசாத குறையாகப் பின்னால் நடந்து, குளியலறை வழியாக உள்ளே போய்விட்டது. மனைவி திரும்பியே பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் வார்டனம்மா மூச்சிரைக்க வந்தார். "படுத்துட்டா. ஒண்ணும் தெரியாம தூங்கறா. எழுந்ததும் யாரும் எதுவும் கேக்காதீங்க. 'பாதி'ன்னு பயந்து செத்துட்டிருக்கற புள்ளைகிட்ட, நீதான் அதுன்னு யாரு சொல்றது?"

"எம் முதுகுக்குப் பின்னாலயா?" என்று மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு, திறந்த கதவையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தினமுமா?"

"எதுக்கு இந்தக் கதவைத் திறந்து வெச்சே?" என்றார் தோட்டக்காரர்.

"வேணும்னா வெச்சேன்? இப்படிக் குளிர்ற அன்னிக்குப் புகை மேல போக மாட்டேங்குதுங்க. அறை பூரா திரும்பி அடிக்குது. கதவைத் திறக்கலைன்னா இருமியே செத்துடுவேன். மத்த நாள் நான் திறக்கிறதே இல்ல."

தோட்டக்காரரும் வார்டனம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உறைபனி விழும் நாளில் மட்டும் பாதி வருவதற்குக் காரணம் இதுதான். அந்த நாட்களில்தான் அவளுக்கு வழி திறக்கிறது.

"உள்பக்கம் ஒரு கதவு போட்டுட்டா?" என்றார் வார்டனம்மா.

உள்வாசலுக்குக் கதவு கிடையாது. வெந்நீர்க் குழாய்களை அந்த வாசல் வழியாகவே கொண்டு போனபோது கதவைக் கழற்றிவிட்டார்கள். குழாயை மாற்றாமல் அங்கே பலகை வைக்க முடியாது. குளத்துக்குக் கம்பி வலை போடக் கொத்தனாருக்குச் சொல்லியாயிற்று. ஆனால் கொத்தனார் வருவது அவர் மனம் போல. பொக்கையின் கட்டிலை அன்றே தன் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொள்வதாக வார்டனம்மா சொன்னார். ஆனாலும், தானும் அசந்து தூங்குகிற மனுஷிதானே என்றார்.

தோட்டக்காரர் வெளியே போய்ப் புகைக்குழாயை அண்ணாந்து பார்த்தார். இரும்புக் குழாய், கூரைக்கு மேல் உயரமாக, தனியாக நின்றது. உச்சி வரை வெள்ளையாகப் பனி. கையை வைத்தார், விறைத்தது. புல்லின் சூட்டை இழுத்துக்கொண்ட அதே வானம் குழாயின் சூட்டையும் இழுத்திருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. காற்று அசையாத விடியலில் அது குழாய்க்குள் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புது நெருப்பின் மெல்லிய புகைக்கு அதை முட்டித் தள்ளத் தெம்பு கிடையாது. போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே திரும்பும். நெருப்பு பெரிதாகிக் குழாய் சூடேறிய பிறகுதான் இழுக்கும். அது வரைக்கும்தான் கதவு திறந்திருக்கிறது. அப்படியானால் அடுப்பை மூட்டுவதற்கு முன்பே குழாயைச் சூடாக்க வேண்டும்.

குழாயின் அடியில், கரி வழித்து எடுப்பதற்காக ஒரு சின்ன மூடி இருந்தது. அந்த மூடி வழியாகக் குழாயைச் சூடாக்க முடியுமா என்று, அடுத்த பனிக்கு முன்னால் மூவரும் நின்று சோதித்தார்கள். வாட்ச்மேன் தம்பியும் வந்து, "மாமா, பேயை விரட்ட வேப்பிலை கேப்பாங்க, நீங்க என்ன பேப்பர் கேக்கறீங்க?" என்றான். "நீ படிக்காத பேப்பர்தானே, கொடு" என்று அக்காள்காரி பிடுங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு உறைபனி விழுந்த முதல் விடியலில், வார்டனம்மா கை நீட்டித் தடுப்பதற்குள் பொக்கை எழுந்துவிட்டாள். குளியலறை வழியாகப் பாய்லர் அறைக்கு வந்தாள். மூடிய கதவில் நெற்றி படும்படி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி, வந்த வழியே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று மதியம் புல்தரையில் ஒரு தடமும் இல்லை.

வழி இதுதான். உறைபனி விழுந்த காலையில், பாய்லரில் விறகு வைப்பதற்கு முன்னால், குழாயடி மூடியைத் திறந்து, கசக்கிய செய்தித்தாள் இரண்டை உள்ளே வைத்துக் கொளுத்த வேண்டும். அந்தச் சூடு ஏறி, குளிர்ந்த காற்றை உச்சி வழியாக வெளியே தள்ளும். குழாய் 'குப்'பென்று இழுக்கும் சத்தம் கேட்டதும் மூடியைப் போட்டு விறகை மூட்டினால், புகை ஒரு சுருள்கூட அறைக்குள் வராது. பிள்ளைகளுக்கு எட்டாத மேல்தாழ்ப்பாளைப் போட்டு, கதவை மூடியே வைத்திருக்கலாம்.