எதிரணியின் நெட்டை வீராங்கனை

பத்திரிகை ஜனநாயகத்தின் நான்காவது தூண். கிளிநொச்சியில் 'வன்னித் தராசு' வார இதழின் அலுவலகம் இருக்கும் மாடியைத் தாங்குவது மூன்று தூண்கள். நான்காவதை, கீழ்க்கடைக்கு நெல் ஏற்ற வந்த லொறியொன்று பின்னுக்கு எடுக்கும்போது இடித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த மூலை கொஞ்சம் சரிவு. மேசையில் பேனையை வைத்தால் எப்போதும் ஒரே பக்கமாக உருண்டு போகும். ஆசிரியர் பரமலிங்கத்தின் மேசை அந்த மூலையில்தான்.

தராசின் முதற்பக்கத்தில் பெயருக்குக் கீழே 'எப்பக்கமும் சாயாதது' என்று போட்டிருக்கும். பரமலிங்கம் கலைமதிக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத் தலைவர். அவருடைய மகள் சாரங்கா அந்தக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். இந்த இரண்டுக்கும் விளையாட்டுப் பக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை, யாரும் கேட்காதபோதும் அவர் சொல்லியிருக்கிறார்.

கலைமதி வென்றால் தராசில் 'வரலாற்று வெற்றி' என்று வரும். தோற்றால் 'மயிரிழையில் நழுவியது' என்று வரும். ஒருமுறை அந்த மயிரிழை முப்பத்தொரு புள்ளி. போன வருடம் இரண்டே அணிகள் விளையாடிய போட்டியொன்றுக்கு, 'இரண்டாமிடத்தைக் கைப்பற்றியது கலைமதி' என்று நான்கு பத்தி அகலத்தில் தலைப்புப் போட்டார்கள். கலைமதியை வென்ற கல்லூரிக்குத் தராசில் பெயர் இருப்பதில்லை. அது எதிரணி.

அந்த எதிரணி பெரும்பாலும் முல்லைத்தீவுக் கரையிலுள்ள புனித ரீத்தம்மாள் கல்லூரிதான். அதன் தலைவி கலிஸ்ரா, தகப்பன் பேதுருவோடு ஒரு வியாழக்கிழமை தராசு அலுவலகத்துக்கு வந்தாள். பேதுரு களப்பில் மீன்பிடிப்பவர். கையில் ஒரு பை இறால்.

"ஐயா, பிள்ளையை மாகாண அணித் தெரிவுக்குக் கூப்பிட்டிருக்கினம்," என்றார் பேதுரு. "ஓடிக்காட்டி, பந்து போட்டுக்காட்டி எல்லாம் முடிஞ்சுது. மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு இடம். ஞாயிற்றுக்கிழமை பைலோட வரட்டாம். சேட்டிபிக்கேற் இருக்கு. பேப்பர் வெட்டும் வேணுமாம்."

"அதுக்கென்ன, வெட்டி ஒட்டுங்கோவன். நாங்கள் எல்லா ஆட்டமும் போடுறனாங்கள்தானே."

"போடுறியள்தான் ஐயா. ஆனால் பேரைப் போடுறியள் இல்லை. போன ஆட்டத்தில இவள் இருபத்தேழு புள்ளி. 'எதிரணியின் நெட்டை வீராங்கனை ஒருவர்' எண்டு போட்டிருக்கிறியள்."

"நான் நெட்டையுமில்லை," என்றாள் கலிஸ்ரா.

பரமலிங்கம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் நெட்டையில்லைத்தான்.

"இடப்பற்றாக்குறை, தங்கச்சி. பேப்பரில ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் வேணும்."

பக்கம் கட்டும் கமலாட்சி கணினியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "அந்தக் கிழமை கலைமதிக்குத் தண்ணிப் போத்தல் குடுத்தவரின்ர படம் கால் பக்கம் வந்தது, சேர். அதாலதான் இடம் காணாமப் போச்சு."

பரமலிங்கம் அதைக் காதில் விழாததாக வைத்துக்கொண்டார். சனிக்கிழமை இறுதியாட்டம், ரீத்தம்மாளும் கலைமதியும். அந்தச் செய்தியில் கலிஸ்ராவின் பெயர் கட்டாயம் வரும் என்று வாக்குக் கொடுத்தார்.

"முழுப் பேரும், ஐயா?"

"முழுப் பேரும். பள்ளிக்கூடத்தின்ர பேரும்." பிறகு பையைப் பார்த்தார். "இதென்ன? தராசு ஒண்டும் வாங்காது, தெரியுமோ?"

"தராசுக்கில்லை ஐயா, வீட்டுக்கு."

வீட்டுக்கு என்றால் அது வேறு விஷயம்.

தராசில் விளையாட்டுச் செய்தி எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. கமலாட்சிக்கு மல்லாவி பஸ் சனிக்கிழமை இரண்டு மணிக்கு. அதற்கு முன்பே பக்கம் கட்டிப் பூட்டப்பட்டு வவுனியா அச்சகத்துக்குப் போய்விடும். பாடசாலை ஆட்டங்களோ வெயில் தாழ்ந்துதான் தொடங்கும். ஆகவே ஆசிரியர் ஆட்டத்தை முன்கூட்டியே எழுதிவிடுவார். புள்ளிகளுக்கு மட்டும் இடைவெளி இருக்கும். தலைப்பு இரண்டு: வென்றால் ஒன்று, தோற்றால் ஒன்று. இரண்டிலும் கலைமதி இருக்கும். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலிருந்து யாராவது அச்சகத்துக்குப் போன் எடுத்துப் புள்ளியைச் சொல்லுவார்கள். பரமலிங்கம் ஆட்டம் பார்க்கப் போவதில்லை. நேரில் பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கொள்கை.

சனிக்கிழமை காலை அவர் எழுதினார். கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார்.

ஞாயிறு தராசில் தலைப்பு: 'இறுதிவரை போராடியது கலைமதி'. உள்ளே: '29–58 என்ற புள்ளிகளுடன் ஆட்டம் நிறைவுற்றது. கலைமதியின் சாரங்கா பரமலிங்கம் மைதானமெங்கும் மின்னலெனச் சுழன்றார். அவரைத் தடுக்க முடியாமல் முல்லைத்தீவு புனித ரீத்தம்மாள் கல்லூரித் தலைவி கலிஸ்ரா பேதுரு இறுதிவரை திணறினார்.'

முழுப் பெயர். பள்ளிக்கூடத்தின் பெயரும்.

பேதுரு கடையில் நின்றே வாசித்தார். "பேர் வந்திருக்கு," என்றார் மகளிடம். வேறு வெட்டு இல்லாததால் அதையே ஒட்டிக்கொண்டு போனார்கள்.

தெரிவுக்குழுத் தலைவி இராசமலர் மிஸ் பைலைப் புரட்டினா. வெட்டை இரண்டு தரம் வாசித்தா. "பிள்ளை, நேற்று வெண்டது நீங்கள்தானே?"

"ஓம், மிஸ்."

"எத்தினை புள்ளி போட்டனீர்?"

"முப்பத்திரண்டு."

"பிறகேன் திணறினனீர்?"

"நான் திணறேல்ல, மிஸ். பேப்பர்தான் திணறினது."

பக்கத்திலிருந்த குழு உறுப்பினருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவருக்கு வேறு யோசனையும் வந்தது. "மிஸ், இருக்கிறது ஒரே இடம். முப்பத்திரண்டு புள்ளி போட்ட பிள்ளையையே திணறடிச்ச ஆள் எண்டால், நாங்கள் தேடுறது அந்தச் சாரங்காவையோ தெரியாது."

கலிஸ்ராவின் முகம் போன போக்கைப் பார்த்து, வாசலில் நின்ற பேதுரு ஒரு அடி உள்ளே வந்துவிட்டார்.

"மிஸ்," என்றாள் கலிஸ்ரா, "சாரங்காவையே ஒருக்காக் கேளுங்கோவன். அவள் தராசு ஆசிரியரின்ர மகள்தான். அவரின்ர நம்பர் பேப்பரிலயே இருக்கு."

போன் எடுத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டார்கள். பரமலிங்கம் வீட்டில் பகல் சாப்பாட்டில் இருந்தார். மாகாண அணி என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. "மகள் எண்டதுக்காகச் சொல்லேல்ல, மிஸ். அவளுக்குத் திறமை இருக்கு. நான் அவளைப் பற்றி எழுதினது குறைச்சல்."

"நல்லது. பிள்ளையோட கதைக்கலாமே?"

"சாரங்கா! இஞ்சை ஓடி வா! மாகாண அணியில இருந்து கதைக்கினம்!"

"தங்கச்சி," என்றா இராசமலர் மிஸ், "நேற்றைய ஆட்டத்தில கலிஸ்ராவை எப்பிடி மறிச்சனீர்?"

சாரங்காவின் குரல், போனை விட்டுத் திரும்பி: "அப்பா, இவை என்ன கேக்கினம்? நான் நேற்று ரியூசன் வகுப்பிலயெல்லோ நிண்டனான்."

அந்த இடம் கலிஸ்ராவுக்குக் கிடைத்தது. அடுத்த ஞாயிறு தராசு அதையும் நடுநிலையோடு வெளியிட்டது: 'கலைமதியுடன் ஆடிப் பெற்ற அனுபவம்: முல்லைத்தீவு மாணவி மாகாண அணிக்குத் தெரிவு'. பக்கத்தில் படமும் இருந்தது. அது கலைமதி மைதானத்தின் படம்.

மைதானத்தில் இல்லாத பிள்ளை எப்படி மின்னலெனச் சுழன்றது என்று கமலாட்சி கேட்டாள். மகள் ஆட்டத்துக்குப் போகாதது தனக்குத் தெரிய நியாயமில்லை என்றார் பரமலிங்கம்.

ஆட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை பக்கத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், சாரங்காவை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ரியூசன் வாசலில் இறக்கிவிட்டவர் அவர்தான்.