குறைந்தபட்ச அலைநீளத்தில் முதலிடம்

எக்ஸ்ரே எடுப்பவருக்கு வாய்த்த முதலாளி அவருடைய சொந்த மச்சான், மனைவியின் அண்ணன். அதனால் ஆஸ்பத்திரியில் வாங்கிய பேச்சை வீட்டிலும் ஒருமுறை வாங்க வேண்டியிருந்தது.

எதிர்ச்சாரி ஆஸ்பத்திரிக்காரன் ஒரு நாள் வாசலில் பலகை மாட்டினான்: 'எங்கள் எக்ஸ்ரேயின் குறைந்தபட்ச அலைநீளம் 0.1 ஆங்ஸ்ட்ராம்.' அது என்ன ஏது என்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் கூட்டம் அங்கே போனது. மச்சானுக்கு வயிறு எரிந்தது.

"நம்மளது எவ்வளவு மாப்பிள்ளை?"

"வைக்கிற வோல்ட்டேஜைப் பொறுத்தது மச்சான். பன்னிரண்டு புள்ளி நாலைக் கிலோவோல்ட்டால வகுத்தா வந்துடும். கைக்கு ஐம்பத்தஞ்சு வைப்போம். சுமார் 0.225."

"அசிங்கமா இருக்கே. குறைங்க."

"வோல்ட்டேஜைக் கூட்டினா குறையும். ஆனா எலும்பு, சதை எல்லாத்தையும் ஒண்ணுபோலத் துளைச்சுட்டுப் போயிடும். படத்துல ஒண்ணும் தெரியாது."

மச்சான் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. குமிழை நூற்றைம்பதுக்குத் திருகி, நகராதபடி டேப் ஒட்டினார். வாசலில் புதுப் பலகை ஏறியது: 0.083.

அன்றிலிருந்து படமெல்லாம் ஒரே சாம்பல் மூட்டம். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "முறிவு எதுவும் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். நொண்டிக்கொண்டு வந்தவர்கள் சந்தோஷமாக நொண்டிக்கொண்டே போனார்கள். இங்கே போனால் எலும்பு முறிவதே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. எக்ஸ்ரே எடுப்பவருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போது மாமியார், மச்சானைப் பெற்ற அதே புண்ணியவதி, படியில் வழுக்கி விழுந்து வீங்கிய மணிக்கட்டோடு வந்தார். முதல் படம் வழக்கம்போல் சாம்பல். ஆனால் வீக்கத்தைப் பார்த்ததுமே மருமகனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உடைந்திருந்து கட்டுப் போடாமல் விட்டால் கை கோணலாகக் கூடிவிடும். மச்சான் தடுக்கத் தடுக்க டேப்பைப் பிய்த்து, ஐம்பத்தைந்துக்கு இறக்கி, இன்னொரு படம் எடுத்தார். முறிவு பளிச்சென்று தெரிந்தது.

மாமியார் கண் கலங்கினார். "வரும்போது வெறும் வலிதானே இருந்துச்சு மாப்பிள்ளை? முதல் படத்துலகூட நல்லாத்தான் இருந்தேன். இப்படி உடைச்சு வச்சுட்டீங்களே."

"அவர் கிடக்கிறார், எழுந்திரும்மா" என்றார் மச்சான். "எதிர்லயே போய் எடுத்துக்கலாம். 0.1னாலும் உடைக்காம எடுப்பாங்க."

மாமியார் எழுந்தேவிட்டார். இந்தக் குடும்பத்துக்கு எந்த வாயால் என்னத்தைச் சொல்வது? மருமகனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலை மறித்து நின்று, இரண்டாவது படத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, முதல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"மன்னிச்சுடுங்க அத்தை. வோல்ட்டேஜைக் கூட்டிட்டேன். பாருங்க, ஒட்டிக்கிச்சு. ஆனா இப்பத்தானே ஒட்டியிருக்கு, காயற வரைக்கும் அசையக் கூடாது. ஆறு வாரம் மாவுக்கட்டுல இருக்கணும்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" மாமியார் உட்கார்ந்து கையை நீட்டினார்.

கட்டுப் போட்டு முடியும்வரை விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்ட மச்சான், பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முந்நூறு கிலோவோல்ட் வச்சா, மூணு வாரத்துல காஞ்சுடுமா மாப்பிள்ளை?"

வகுத்தலை மட்டும் மனுஷன் சரியாகத்தான் போட்டிருந்தார்.